பொட்டலத்தின் இரண்டாவது சாப்பாடு

அவள் சுகாதார ஆய்வாளர். ஓட்டல்களிலும் பேக்கரிகளிலும் அவள் தலை தெரிந்தாலே முதலாளிகள் துடைப்பத்தைத் தேடி ஓடுவார்கள். வீட்டில் மட்டும் சும்மா இருப்பாளா? கணவன் துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்துவிட்டுத்தான் தட்டை வைப்பாள். அவன் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்ட காது, அவள் முணுமுணுப்பையெல்லாம் வாங்கிக்கொள்ளாது.

அவன்தான் ஒருநாள் சட்டைக்குள் ஒரு முயல்குட்டியை மறைத்துக் கொண்டுவந்தான். அப்போதுதான் பால்குடி மறந்த குட்டி. உடம்பைச் சுருட்டி உட்கார்ந்தால் மடித்துக் கட்டி வைத்தது மாதிரி இருந்ததால் பொட்டலம் என்று பெயர் வைத்தான். "இதெல்லாம் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னவள், அன்று மாலையே அதன் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சிரித்திருந்தால் அவனுக்குச் சோறு கிடைத்திருக்காது.

உற்றுப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பொட்டலத்தையும் உற்றுப் பார்த்தாள். காய்ந்த புல்லை ஒரு முனையில் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டே போவது, தாடை பக்கவாட்டில் அரைப்பது, மிளகு மாதிரி உருண்டையாகப் புழுக்கை போடுவது எல்லாமே அவளுக்கு அதிசயமாக இருந்தது. ஒருநாள் விடிந்தும் விடியாமலும் இருக்கையில், குட்டி பின்னங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்து எதையோ வாயில் வாங்கி விழுங்கியது. மறுநாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்து கையும் களவுமாகப் பிடித்தாள். புழுக்கைதான். ஆனால் மெத்தென்று, பளபளவென்று, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"கருமம், தன்னோடதையே திங்குதுங்க."

"நீ போட்ட புல்லு வாய்க்கு விளங்கலையோ என்னவோ" என்றான் கணவன், பல் தேய்த்துக்கொண்டே.

அட்டையை வெட்டி, புனல் மாதிரி ஒரு பட்டை செய்து குட்டியின் கழுத்தில் மாட்டினாள். இனி அதன் வாய் பின்பக்கம் எட்டாது. கூண்டைக் கழுவி நிமிர்ந்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பொட்டலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைக் குறைத்தது. புழுக்கை சிறுத்தது. புல்லில்தான் ஏதோ கோளாறு என்று கழுவிக் காயவைத்துப் போட்டாள். ஒரு காலையில் கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. குட்டி மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள்.

மருத்துவர் பட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

சொன்னாள்.

"அது கழிவு இல்லம்மா, ரெண்டாவது சாப்பாடு. முயலுக்குப் புல்லு ஒரே தடவையில செரிக்காது. உள்ள ஒரு பையில ஊறி, சத்தும் நல்ல கிருமியுமா மெத்துனு வெளிய வரும். அதைத் திரும்ப முழுங்கினாத்தான் சாப்பிட்டு முடிச்ச மாதிரி. நீங்க தினமும் பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விட்டிருக்கீங்க."

எத்தனையோ முதலாளிகள் அவளிடம் எத்தனையோ புளுகியிருக்கிறார்கள். ஒருவருக்கும் இப்படி ஒன்று தோன்றியதில்லை. ஆனால் இது நிஜம். "அப்ப எல்லா முயலும் இப்படித்தானா? குட்டியிலேயே யாரு சொல்லிக் குடுக்குறா?" என்று அந்த நிலைமையிலும் கேட்டாள்.

"தாயோடதைத் தின்னு பழகும்." மருத்துவர் வலிக்கு ஊசி போட்டார். "சின்னக் குட்டி. குடல் நின்னுபோச்சு. கூழு தரேன், ஊட்டுங்க. நல்லா இருக்கற பெரிய முயலோட மெத்துனு வர்ற புழுக்கை கொஞ்சம் கிடைச்சா அதுல கலந்து குடுங்க. அப்புறம் இவனாக் குனிஞ்சு எடுக்கணும். எடுத்துட்டா பயமில்ல. தெரிஞ்ச இடத்துல முயல் இருக்கா?"

இருந்தது. அதுதான் வினை. கடைத்தெரு பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு குண்டு முயல் தூங்குவதைப் பார்த்துத்தான், அவள் போன மாதம் அந்தக் கடையையே ஒரு வாரம் பூட்ட வைத்தாள்.

அவளைக் கண்டதும் பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார். "அவளை, அந்த முயலை, வீட்டுக்கு அனுப்பிட்டேன் மேடம். வேணும்னா உள்ள வந்து பாத்துக்கங்க."

"சோதனைக்கு வரல." பட்டை மாட்டியதிலிருந்து வந்த காரியம் வரை ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் நிதானமாகக் கேட்டார். "சரியாத்தான் புரிஞ்சுதான்னு பாக்குறேன். ஒத்தை முடி மாவுல விழுந்துரும்னு கடையப் பூட்டுனீங்க. இப்ப அது பின்னாடி வர்றதை வீட்டுக்கே கொண்டாந்து தரணும்."

"ஆமா."

"சாப்பாட்டுல கலக்க."

"ஆமாங்க. நான்தான் அதை இந்த கதிக்கு ஆளாக்கினேன். உங்ககிட்ட கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா அது சாகுது."

அவர் முகத்திலிருந்த குறும்பு போய்விட்டது. "காலையில அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி வரேன். அவ முழுங்காம இருக்க அந்தப் பட்டை வேணுமே. கேக் அட்டையில செஞ்சா தாங்குமா?"

"தாங்கும். நான் வந்து செஞ்சு தரேன்."

மறுநாள் காலை சொன்னபடி வந்தார். அவர் கொண்டுவந்ததை அவள் வெறும் விரலால் கூழில் குழைத்தாள். கணவன் குட்டியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் துளித் துளியாக விட்டாள். அன்று விடுப்பு போட்டுவிட்டு கூண்டை விட்டு நகரவில்லை. சாயங்காலம் கடுகு அளவில் ஒரு புழுக்கை விழுந்தது. கணவன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போனான். அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. குட்டி தானாகக் குனியுமா என்பதே மனதில் ஓடியது. பழக்கத்தை அது மறந்திருந்தால் மறக்க வைத்தவள் அவள்தான்.

அடுத்த விடியலில் இருவரும் தரையில் முட்டி போட்டுக் காத்திருந்தார்கள். பொட்டலம் முகத்தைத் துடைத்தது. புல்லை முகர்ந்தது. பிறகு கால்களுக்கு நடுவே தலையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, அவளைப் பார்த்தது.

தான் இருப்பதால்தான் பயப்படுகிறதோ என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிடு கண்ணு. நான் பாக்கல. சாப்பிடு" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

கணவன் அவள் தோளைத் தொட்டான். "முழுங்கிட்டான்" என்றான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.