சாமிப் பன்றி தின்னாத சோறு

ஊர்ப் பன்றிகள் செத்த குட்டிகளாக ஈன்றதற்கு என் அண்ணன் மனைவி செல்லாயியின் வயிறுதான் காரணம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. சித்திரையில் அவளுக்குக் கரு கலைந்தது. வைகாசியில் பன்றிகள் செத்த குட்டிகளை வீச ஆரம்பித்தன. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு பூசாரி போதாதா?

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். பன்றி வளர்த்துத்தான் கஞ்சி குடிக்கிறோம். அந்தப் பன்றிகளால்தான் நான் பி.ஏ. படித்தேன், சொல்ல வெட்கமில்லை. வீட்டுக்கு வீடு பெட்டைகள் உண்டு, ஊருக்கே ஆண் ஒன்றுதான். முனியப்பன் சாமிக்கு நேர்ந்துவிட்ட பன்றி அது. அதைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. எந்தப் பட்டிக்குள்ளும் புகும், எந்தத் தொட்டியிலும் வாய் வைக்கும், எல்லாப் பெட்டைகளோடும் சேரும். மாசியில் அதற்குக் காய்ச்சல் கண்டு, காதெல்லாம் நாவற்பழ நிறமாகி, ஏரிக்கரையில் கிடந்ததை ஊரே பார்த்தது. அது எழுந்தவுடன் பொங்கல் வைத்தார்கள். எழுந்தது நேராகப் பெட்டைகளிடம் போனது.

விழுந்த குட்டிகளை நான் பார்த்தேன். பாதி, சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்துச் சுருங்கியிருந்தன.

அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டு டாக்டர் இருந்தார். அவரிடம் விவரம் சொன்னேன். பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத கிருமி ஒன்று உண்டு, தாயை லேசாகத் தொட்டுவிட்டு வயிற்றில் இருப்பதைக் கொன்றுவிடும் என்றார். மருந்து கிடையாது. முதலில் ஆண் பன்றியைக் கட்டுங்கள், செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்றார்.

ஊருக்கு வந்து சொன்னேன். பூசாரி சென்னிமலை சிரித்தார்.

"சாமியக் கட்டோணுமாமா? பி.ஏ.வுல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களா அம்மிணி?"

எங்கள் ஊரில் பழி விழுந்தவளுக்கு ஒரு சோதனை உண்டு. சாமிப் பன்றி அவள் கையிலிருந்து சோறு தின்றால் குற்றமில்லை. தின்னாவிட்டால் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும், புருஷன் வேறு கட்டிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அண்ணன் காளியண்ணனிடம் கேட்டேன். "நீ என்ன சொல்ற?"

"ஊர்ச் சொல்லு கண்ணு. நாம என்ன பண்றது?"

"தாலி கட்டுனது ஊரா, நீயா?"

கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் செல்லாயி கம்மஞ்சோற்றைக் கையில் ஏந்தி உட்கார்ந்தாள். பன்றியை அழைத்து வந்தார்கள். பின்னங்கால் தள்ளாடியது, கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. சோற்றை மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் கையை இன்னும் நீட்டினாள். அது அங்கேயே படுத்துவிட்டது.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல?" என்றார் பூசாரி.

"மாமா, உங்க ஊட்டுச் சோத்தக் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன். "நீங்க குடுங்க. உங்க கையில திங்குதான்னு பாக்கலாம்."

"எனக்கென்ன கேடு? நானா கருவக் கலைச்சுக்கிட்டேன்?"

"பயமா இருக்குதுங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரிக்கு அது பொறுக்கவில்லை. மனைவி சென்னம்மாளைப் பார்த்துச் சோறு கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அவள் நகரவில்லை.

"சோறுதான் வீணாப் போவும். முந்தாநாள் இருந்தே அது ஒண்ணும் திங்கலீங்க. அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேனுங்களே. வெள்ளிக்கிழம வரைக்கும் வாய மூடிட்டுக் கெடன்னீங்க."

ஆக, தெரிந்தேதான் செய்திருக்கிறார். எதையும் தின்னாத மிருகத்தின் முன்னால் ஒருத்தியைச் சோற்றோடு உட்கார வைத்து, அவள் வாழ்க்கையை அதன் வாயில் கட்டிவிட்டிருக்கிறார். அதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது மற்றவர்கள். இத்தனையும் காதில் விழுந்த பிறகும் ஒருவர்கூட அவரை ஏன் என்று கேட்கவில்லை.

"சாமி கோவத்துல பட்டினி கெடக்குது" என்றார் பூசாரி, குரல் இறங்கி. "அதுக்கும் இவதான்..."

"கோவமோ காய்ச்சலோ, மொதல்ல அதக் கட்டுங்க" என்றேன். "இன்னம் செனையா இருக்கற பன்னிகளாச்சும் மிஞ்சட்டும்."

யாரும் அசையவில்லை. அண்ணன் கிணற்றடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தான், பூசாரியைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டான்.

செல்லாயி எழுந்தாள். கையிலிருந்த சோற்றைக் காக்கைக்கு உதறினாள். போய்க் கயிற்றை எடுத்து வந்து, சாமிப் பன்றியின் பின்னங்காலில் சுருக்குப் போட்டாள். பிடிக்கப் போன என்னைத் தள்ளிவிட்டாள்.

"நீ தொடாத அம்மிணி. உன்னைய இனிமேத்தான் ஒருத்தன் கட்டோணும். எனக்குக் கெட என்ன மிச்சம் இருக்குது?"

கயிற்றின் மறுமுனையைக் கோயில் கல்தூணில் இறுக்கிக் கட்டினாள். பூசாரி வாயைத் திறந்தார். சென்னம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அப்புறம்தான் செல்லாயி என் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, குட்டிகளைப் பொதைக்கச் சுண்ணாம்பு வேணும். வாங்கிட்டு வந்தா ஊட்டுக்கு வாங்க. இல்லீனா வராதீங்க."

அண்ணன் போனான். ஓடினான் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்துதான் போனான்.