பதிவேட்டின் நான்காவது கட்டம்

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். தேதி, விலங்கு, என்ன கோளாறு, விண்ணப்பதாரர் என்ன செய்தார், எவ்வளவு நேரம். பக்கத்தின் அடியில் மருத்துவரின் கையெழுத்து. கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்பவர் அறுநூறு மணி நேரமாவது ஒரு மருத்துவரின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. அவளிடம் ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம் சேர்ந்திருந்தது. நான்காவது கட்டத்தில் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அநேகமாக ஒரே சொல்.

நாய், தொடையில் வெட்டு, பிடித்துக்கொண்டேன். பூனை, வயிற்றில் கட்டி, பிடித்துக்கொண்டேன். ஆடு, கொம்பு முறிவு, பிடித்துக்கொண்டேன்.

நாயையும் பூனையையும் ஆட்டையும் உண்மையில் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்த மருத்துவர், அவளுடைய மாமா. தைத்தவள் அவள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் மாமாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தானில். ஒரு நாள் மதியம், மேசையில் ஒரு பூனை வயிறு திறந்து மயக்கத்தில் கிடந்தபோது, ஊசி தோலின் விளிம்பைத் தேடி நான்கு முறை தவறியது. மாமா கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஊசியைக் கவ்விப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை மேசைக்குக் குறுக்கே அவளிடம் நீட்டினார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தவள் அவள். வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. மாமா விலங்கின் சொந்தக்காரரிடம், "வெளிய உட்காருங்க, ரத்தத்தப் பார்த்தா தலை சுத்தும்" என்பார். தாழ்ப்பாள் விழும். கை நீளும். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. முடிந்ததும் அவரே வெளியே போய், "ஒண்ணுமில்ல, தைச்சாச்சு" என்பார்.

விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் விதிகள் அச்சாகியிருந்தன. உரிமம் இல்லாத உதவியாளர் துடைக்கலாம், பிடிக்கலாம், கட்டுப் போடலாம். வெட்டக் கூடாது, தைக்கக் கூடாது. மீறினால் மருத்துவரின் உரிமம் ரத்தாகும். மீறியவருக்கு எந்தக் கல்லூரியிலும் எக்காலத்திலும் இடமில்லை.

கையெழுத்து வாங்குவது ஞாயிற்றுக்கிழமைகளில். மாமா எழுதும்போது காகிதம் நழுவும் என்பதால் அவள் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருப்பாள்.

"ஒரு தடவையாவது 'தைத்தேன்'னு எழுதவா மாமா?" என்று ஒரு முறை கேட்டாள்.

"எழுது. நான் கம்பிக்குப் பின்னால, நீ காலேஜ் கேட்டுக்கு வெளியில. உங்கம்மா யாருக்கு முதல்ல சாப்பாடு கொண்டு வரணும்னு யோசிச்சு வச்சுக்க."

சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டார்.

கீழே மருத்துவமனை, மேலே வீடு. நடுவில் பதினெட்டுப் படி. அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. மாமா போய் அம்மாவையும் அவளையும் ஒரு பெட்டியோடு கூட்டி வந்தார். அன்று முதல் அம்மா முன்னறையில் உட்கார்ந்து பேர் எழுதி, வரிசையைப் பார்த்துக்கொள்கிறாள். "நாயே வரிசையில உட்கார்ந்திருக்கு, உங்களால முடியாதா?" என்று அம்மா யாரையாவது அதட்டும் குரல் உள்ளறை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் அவளுக்குப் பயம். இந்த இடம் மூடினால் அம்மாவுக்கு அதட்ட ஆளிருக்காது.

போன வருடம் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் கடிதத்தில், "அனுபவம் பார்வையாளர் அளவிலேயே உள்ளது" என்று வந்தது. இந்த வருடம் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வழுக்கைத் தலைக்காரர், பேசவே இல்லை. ஒரு அம்மையார், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மூன்றாமவர் மாட்டு வைத்தியப் பேராசிரியர். வாழ்நாளெல்லாம் பசுக்களோடு மல்லுக்கட்டியதில் மணிக்கட்டு உலக்கை மாதிரி இருந்தது. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"ஆயிரத்து நூத்திச் சொச்சம் மணி நேரம் பிடிச்சிருக்கீங்க."

"ஆமாம் சார்."

"கை வலிக்கலையா?"

அம்மையார் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. தோல் போலச் செய்த ஒரு ரப்பர்த் துண்டை அவள் முன்னால் தள்ளினார். நடுவில் ஒரு வெட்டு. பக்கத்தில் நீடில் ஹோல்டர், ஊசி, நூல். "இது மார்க்குக்கு இல்ல. இவ்வளவு நாள் பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்கல்ல, என்ன மனசுல நின்னிருக்குன்னு பார்க்கலாம். ஒரு தையல் போடுங்க."

மோசமாகப் போட வேண்டும் என்று முடிவு செய்தாள். அது அத்தனை சுலபமாக இல்லை. எப்படித் தவறுவது என்று அவள் விரல்களுக்குத் தெரியவில்லை. மாமாவின் கையை நினைத்துக்கொண்டாள். ஊசி முனையைக் கொஞ்சம் ஆடவிட்டாள், ஒரு முறை நழுவவிட்டாள், "ஐயோ" என்றாள். பிறகு முடிச்சு. முடிச்சில் கவனம் தப்பிவிட்டது. நூல் இரண்டு சுற்று சுற்றி, இழுபட்டு, எதிர்த் திசையில் ஒரு சுற்று சுற்றி இறுகியது. மூன்று விநாடி.

பேராசிரியர் ரப்பரைத் தன் பக்கம் இழுத்து முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"நீங்க இடது கைக்காரரா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"இல்ல சார்."

"உள்ள வரும்போது வலது கையால கையெழுத்துப் போட்டீங்க. ஊசிய மட்டும் இடது கையில எடுத்தீங்க."

அவள் தன் கையைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அது அவளுக்கு விசித்திரமாகப் பட்டதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மாமா. அவர் வலது கை அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. கண்ணாடியைப் பார்த்துச் செய்வதுபோல் அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். திருத்த யாருமில்லை, பேச்சே இல்லாத அறையில் திருத்தம் எங்கிருந்து வரும்?

"எதிர்ப்பக்கம் நின்னு பார்த்ததால அப்படி வந்திருக்கு" என்றார் பேராசிரியர். "அது சரி. பார்த்தா மனசுக்குத் தெரியும். விரலுக்கு எப்படித் தெரிஞ்சது?" பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்க பிடிச்சுக்க மட்டும்தான் செஞ்சீங்களா?"

ஆமாம் என்றால் பொய்க்காரி. இல்லை என்றால் மாமாவின் உரிமம் போகும். அம்மையார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பேனாவோடு காத்திருந்தார்.

"ஆமாம் சார். பிடிச்சுக்கிட்டேன்."

அம்மையார் எழுதினார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மாதான் பிரித்தாள். "நேரில் கண்டதும் பதிவேட்டில் உள்ளதும் பொருந்தவில்லை. விண்ணப்பதாரர் உண்மையான, முழுமையான புதிய பதிவேட்டுடன் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்."

"என்ன பொருந்தலையாம்?" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரியாது. அல்லது, மூன்று வருடம் அந்தத் தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தும் தெரியாதவளாகவே இருந்துகொண்டாள்.

மாமா கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "விடு பாப்பா. இங்க உனக்கு என்ன குறைச்சல்? ஊரே சின்ன டாக்டர்னுதான் கூப்பிடுது." அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில் அவளுக்கு மூச்சு முட்டியது.

'புதிய' என்ற சொல்லை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பொய் எழுதினால் அந்தப் பேராசிரியர் கண்டுபிடித்துவிடுவார். உண்மை எழுதினால் கதவு ஒரேயடியாக மூடும். மிச்சமிருந்தது ஒரே வழி. எழுதக்கூடியதை மட்டும் செய்வது.

மறுநாள் காலையில் வெல்டிங் பட்டறைக்காரர் தன் நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தகரம் கிழித்து விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்து தொங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தாமதிக்கவும் முடியாது. மாமா மரப்பு ஊசி போட்டார். ஊசி குத்த அந்தக் கை இன்னும் போதும்.

"வெளிய உட்காருங்க தம்பி, தலை சுத்தும்."

"நான் பார்க்காத ரத்தமா டாக்டர்?" என்று முனகிக்கொண்டே பட்டறைக்காரர் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. கை நீண்டது.

அவள் இரண்டு கைகளையும் நாயின் மேல் வைத்தபடி நின்றாள். "இன்னிக்கு நான் பிடிச்சுக்கிறேன் மாமா."

"என்ன?"

"நீங்க தைங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

"விளையாடாத."

"அப்படித்தானே எழுதியிருக்கோம்."

மூன்று வருடத்தில் அந்த அறையில் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. மாமாவின் முகம் சிவந்தது. "இத்தனை வருஷம் உன்னையும் உங்கம்மாவையும்..." என்று தொடங்கியவர் நாயைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. விரல் நுனிகள் மட்டும் தவித்தன. பதினோரு தையல், பத்து நிமிட வேலை. நாய் அவள் உள்ளங்கையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மாமா ஊசியை எடுத்தார். முதல் முறை தோலைத் தொடவே இல்லை. இரண்டாவது முறை விளிம்புக்கு வெகு தள்ளிக் குத்தியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை முயன்றார். ஊசி வழுக்கி, கையுறையைத் துளைத்து, அவள் கட்டை விரலில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நாய் துள்ளும்.

வெள்ளைக் கையுறைக்குள் சிவப்பு பரவுவதை இருவரும் பார்த்தார்கள்.

மாமா ஊசியைத் தட்டில் வைத்தார். தாழ்ப்பாளை எடுத்தார். முன்னறையில் அம்மா, பட்டறைக்காரர், கிளிக் கூண்டோடு ஒருவர், பூனையோடு இரண்டு பெண்கள்.

"தம்பி, என்னால தைக்க முடியல. கை நடுங்குது" என்றார்.

பட்டறைக்காரர் எழுந்தார். "அப்ப போன வருஷம் இதே நாய்க்குக் கால்ல யாரு தைச்சது?"

கிளி கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. அம்மா பேர் எழுதும் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்; அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. பட்டறைக்காரரின் பார்வை மாமாவின் கையிலிருந்து நகர்ந்து, திறந்த கதவு வழியாகத் தெரிந்த அவள் கைக்கு வந்தது. அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"சரி, யாரா இருந்தா என்ன" என்றார். "கால் நல்லாத்தானே இருக்கு. சின்ன டாக்டர், நீயே தைச்சு விட்டுடும்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றாள் பூனைக்காரி ஒருத்தி. கிளிக்காரரும் தலையாட்டினார்.

இந்த அறையிலிருந்து அவளை வெளியே விட யாருக்கும் மனமில்லை என்பதும், அதில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. மாமாவிடம் மாட்டேன் என்று சொல்வதைவிட இவர்களிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"நான் தைக்கக் கூடாதுண்ணே. அழுத்திக் கட்டுப் போட்டுத் தரேன். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். தாங்கும்."

"கண் முன்னால ஆள் இருக்க, ஒரு மணி நேரம் நான் ஏன் போகணும்?"

"போங்கண்ணே" என்றாள். குரல் கெஞ்சலாக வந்தது.

கட்டுப் போட்டாள். பஞ்சு, துணி, மேலே இறுக்கமான பட்டை. அதை அவள் இவ்வளவு நிதானமாக எப்போதும் செய்ததில்லை. பட்டறைக்காரர் வண்டியில் ஏறும்வரை திட்டிக்கொண்டே போனார்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். பதினோரு தையலாம். "ஒண்ணரை மணி நேரம் உட்கார வச்சுட்டானுங்க" என்றார். "நீ நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். வாழ்த்தா வசவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரமும் அலமாரிக்குள் போயிற்று. அவள் புதிய பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். நாய், விலாவில் கிழிசல். துடைத்தேன், பிடித்துக்கொண்டேன், கட்டுப் போட்டேன். நாற்பது நிமிடம். மாமாவிடம் கொண்டுபோய் வைத்தாள். காகிதத்தை அழுத்திப் பிடிக்க விரலைக் கொண்டுபோனாள். வேண்டாம் என்பதுபோல் அவர் தன் இடது கையைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டார். கோணல்மாணலாக வந்தது. அவருடைய இப்போதைய கையெழுத்து அதுதான்.

"விண்ணப்பம் எப்ப?"

"பத்து மாசம் இருக்கு."

"நாற்பது நாற்பது நிமிஷமா அறுநூறு மணி நேரம்" என்றார் மாமா.

மறுநாள் ஒரு பெண்மணி காது கிழிந்த பூனையோடு வந்தாள். "வெளிய உட்காருங்க" என்று மாமா பழக்கத்தில் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். அங்கேயே நின்றார். அந்தக் கை இரும்பில் பட்டு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பதிவேட்டைத் திறந்து மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

மாமா கதவைத் திறந்தபடியே விட்டார். "இல்ல, உள்ளயே இருங்க. சுத்தம் பண்ணிக் கட்டி விடுறோம். தையலுக்குப் பக்கத்து டவுன் போயிடுங்க."

"பின்ன எதுக்கு வாசல்ல இவ்வளவு பெரிய போர்டு?" என்றாள் அந்தப் பெண்மணி.

மாமா பஞ்சை எடுத்தார். அவள் பூனையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து நிமிடம்.