மயக்கம் என்று சொல்லாதீங்க

பஸ்ஸில் வரும்போது என் புருஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பயப்படாத, மயக்கம் குடுத்துத்தான் தலைய ஸ்கேன் எடுப்பாங்க" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பதுளை ஆஸ்பத்திரியில் மகள் மதுஷிகா கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அவளுக்கு மயக்கம் என்றால் ஒன்றுதான். போன வருசம் தேயிலை மலையில் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமியைக் குளவி கொட்டியது. மயக்கமாகிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். லொறியில் ஏற்றிப்போனவள் திரும்பி வரவில்லை.

டொக்டர் பிரசாந்தினி யாழ்ப்பாணத்துக்காரர். "மயக்கம்னு மட்டும் சொல்லாதீங்க" என்று அவரை மறித்துச் சொன்னேன்.

அவர் மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "மருந்து குடிச்சிட்டு நித்திரை கொள்ளப் போறீங்கள். அவ்வளவுதான்."

மகள் யோசித்தாள். "யாரு எழுப்புவா?"

"அம்மாதான். அவவை உள்ள விடச் சொல்லுறன்."

மருந்துக் கோப்பையை மகளே வாங்கிக் குடித்தாள்.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. எழுப்பும் நேரம் வந்ததும் நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. நான் குனிந்து, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் எங்கள் லயத்து வீட்டில் தினமும் போடும் அதே சத்தத்தைப் போட்டேன். "எந்திரிடி, பெரட்டுக்கு நேரமாச்சு."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பெரட்டு ஒனக்குத்தானம்மா. எனக்கா?"