நட்டாலியின் எஞ்சின்

அந்தச் சனிக்கிழமை காலையில் ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் பசார் வரைக்கும் வின்சென்ட் ரோட்டில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடு போடுவது தான்தான் என்று அவருக்குத் தெரியாது. காடியின் மேல்துணிக் கூரையை மடக்கிவிட்டு, ஐம்பத்தேழு வயது வழுக்கையில் காற்று வாங்கியபடி, சிவப்பு மஸ்டா எம்.எக்ஸ். ஃபைவ் காரில் நகர்வலம் வந்துகொண்டிருந்தார். இரண்டே சீட். பொத்தானை அமுக்கினால் முன்விளக்குகள் தூங்கி எழுந்த தவளை மாதிரி மேலே எட்டிப் பார்க்கும். காடிக்கு வயது முப்பத்தைந்து.

பசாருக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் படுத்துவிட்டது. வின்சென்ட் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். 'கிழட்டுக் காடி, மீட்டர் கெட்டுப்போயிருக்கும்' என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பை அவசரமாக எழுதியதற்குக் காரணம் இருந்தது. பசார் முனையில் கோயில் பாடற்குழுவைச் சேர்ந்த மூன்று பேர் கீரைக்கட்டும் பையுமாக நின்று அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள். அந்த மூவர் முன்னால் காடியை ஓரங்கட்டி, மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு முழிப்பதா? வின்சென்ட் கையாட்டினார். கூடவே, தேவையே இல்லாமல், கொஞ்சம் எண்ணெயும் மிதித்து வேகத்தைக் கூட்டினார்.

டக், டக், டக் என்று யாரோ இரும்பைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்டது. முன்னால் போகிற லாரி என்று நினைத்தார். லாரி வலது பக்கம் திரும்பிப் போன பிறகும் சத்தம் போகவில்லை. அடுத்த சிக்னலில் ஒரு பெரிய டக், அப்புறம் அமைதி.

ஒரு மலாய்க்கார இளைஞர் மோட்டார் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். "பாக்சிக்! மிஞ்ஞாக் பொச்சோர்! எண்ணெய் ஒழுகுது! ஜெலுத்தோங்லேர்ந்து ஹார்ன் அடிச்சிக்கிட்டே வரேன்!" என்பதை மலாயிலும் சைகையிலுமாகச் சொல்லி, பின்னால் நீண்டு கிடந்த கோட்டைக் காட்டினார். ஹார்ன் சத்தத்தை வின்சென்ட் கேட்டிருந்தார். காடியை ரசித்து அடிக்கிறான் என்று அதற்கும் கையாட்டியிருந்தார்.

காடி அவருடையது என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள மனிதனுக்கு முழு உரிமை உண்டு. காடி நட்டாலியுடையது. நட்டாலி அவர் மனைவி லீனாவின் தங்கை, சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு ஷிஃப்டாகப் பார்த்துச் சேர்த்து வாங்கிய காடி. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வந்த மூன்று வார லீவையும் ஜெலுத்தோங்கில் சாதிக்கின் ஒர்க்‌ஷாப்பிலேயே கழித்தாள். எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் தன் கையாலேயே மாட்டினாள். அந்த லீவில் ஒரு கல்யாண வீட்டுக்கு நகத்துக்கடியில் கிரீஸோடு வந்து லீனாவிடம் திட்டு வாங்கினாள்.

காடியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியபோது, வின்சென்டுக்கு அவள் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. "வாரத்துக்கு ஒருதரம் இருவது நிமிஷம் ஓட்டுங்க அத்தான். வேற எதுவா இருந்தாலும் சாதிக்கிட்ட விடுங்க. நீங்க கை வைக்காதீங்க."

கை வைத்தார். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு நகர்த்திய கைக்கு ஒருநாள் வீரம் வந்தது. எண்ணெய் மாற்றுவது எப்படி என்று யூடியூபில் ஒரு பையன் எட்டு நிமிஷத்தில் செய்து காட்டினான். எட்டு நிமிஷ வேலைக்குச் சாதிக் எதற்கு? இந்தக் காடியில் எண்ணெய் ஃபில்டர் எஞ்சினின் பக்கவாட்டில், குழாய்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கையை விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டும். பழையதைக் கழற்றும்போது அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சுரண்டி எடுக்காமல் புதியதைத் திருகினால் வளையத்தின் மேல் வளையம். கொஞ்ச தூரம் தாங்கும். பிறகு பிதுங்கி, உள்ளே இருக்கிற எண்ணெயெல்லாம் வெளியே. வின்சென்ட் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. திருப்தியாகத் திருகினார்.

சிக்னலில் நின்றுபோன காடியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். சாதிக் ஃபில்டரைக் கழற்றினான். இரண்டு வளையங்களையும் எடுத்து வின்சென்டின் உள்ளங்கையில் வைத்தான். அப்புறம் எஞ்சினைத் திறந்து, உள்ளே தேய்ந்து நீலம் பாரித்துப்போயிருந்த இரும்புத் தண்டைக் காட்டினான்.

"இது முடிஞ்சுதுண்ணே."

"என் தப்புதானே சாதிக்?"

"பழைய காடி லா அண்ணே. என்னிக்கா இருந்தாலும் போறதுதான்."

"வளையம் ரெண்டு இருந்துச்சே."

"அது... எனக்கே ஒருதரம் ஆயிருக்கு." சாதிக் வேறு பக்கம் பார்த்தான். அவனுக்கு அப்படி ஆகியிருக்காது என்பது வின்சென்டுக்குத் தெரியும். பெல்ட்டை மூடியிருந்த உறையைக் கழற்றியபோது அதன் உட்புறத்தில் வெள்ளைப் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. 'நட்டாலி கட்டினது. முதல் ஸ்டார்ட்லயே எழுந்துச்சு.' சாதிக் அந்த உறையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தான்.

நேர்மையான மனிதன் அன்றே சிங்கப்பூருக்குப் போன் போட்டிருப்பான். வின்சென்டுக்கு அதைவிட அருமையான யோசனை தோன்றியது. பழைய எஞ்சின் செத்துவிட்டது என்று சொல்வதைவிட, புது எஞ்சின் வந்துவிட்டது என்று சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்குமே! கெப்பாலா பத்தாஸ் பக்கம், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் காடிகளை விற்கிற கடையொன்றில், இதே ரகத்தில் கொஞ்சம் பெரிய எஞ்சின் கிடந்தது. அதை வாங்கி ஏற்றினார்கள். அதோடு விட்டாரா? குற்றமுள்ள நெஞ்சுக்குக் கை தாராளம். ரேடியேட்டர் புதுசு, பிரேக் புதுசு, கிழிந்த மேல்துணி புதுசு. ஒவ்வொரு சாமானும் வந்து இறங்கியபோது சாதிக், "ஏண்ணே, இது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சோறு நிறைய வேண்டியிருந்தது.

லீனாவிடம் கேட்டார். "நட்டாலி மன்னிப்பாளா?"

"அவகிட்ட கேக்க வேண்டியதை என்கிட்ட ஏன் கேக்கிறீங்க? எதுக்கும் சாப்பிட்ட பெறகு சொல்லுங்க. பசியில இருந்தா அவளுக்குக் கோவம் ஜாஸ்தி வரும்."

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேணும்னு செய்யலையே?" என்றார். "இல்ல ஃபாதர்." "அப்ப சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொல்லிடுங்க. மூணு தரம் அருள் நிறைந்த மரியே சொல்லுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சிவப்புக் காடியா? நான் அது உங்களோடதுன்னுல்ல நினைச்சேன்" என்றார். வின்சென்ட் அதையும் பாவக்கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். கோயில் வாசலில் யார் "உங்க காடி சூப்பர் அண்ணே" என்று சொன்னாலும், ஐந்து வருஷமாக அவர் சொல்லிவந்த பதில், "பரவால்ல, ஓடுது" என்பதுதான்.

யாரிடம் சொன்னாலும் ஒன்றை மட்டும் அவர் விட்டுவிட்டார். முள் விழுந்ததைப் பார்க்கவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னார். சாதிக்கிடமும் லீனாவிடமும், கடவுளே, சாமியாரிடமும்.

புனித அன்னம்மாள் திருநாளுக்கு லீவெடுத்துக்கொண்டு நட்டாலி ஜூலைக் கடைசியில் வந்தாள். மறுநாள் காலை, பசியாறிவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏறுங்க அத்தான். பாலிக் பூலாவ் போய் டுரியான் சாப்பிட்டு வருவோம்."

"அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போயேன்."

"ரெண்டு சீட்டுதானே இருக்கு, அக்கா எங்க உக்காரும், உங்க மடியிலயா? ஏறுங்க."

மலை வளைவுகளில் காடி வழுக்கிக்கொண்டு ஏறியது. நட்டாலி முதல் மேட்டிலேயே புருவத்தை உயர்த்தினாள். இரண்டாவது மேட்டில் சிரித்தாள். "என்ன அத்தான் இது, மூணாவது கியர்லயே இப்படி இழுக்குது? சாதிக் என்ன செஞ்சான்?"

"ஜெபம் பண்ணினோம்" என்றார் வின்சென்ட்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மேல்துணிகூட புதுசு! நான் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிறீங்க. எங்க வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அத்தான் ஒருத்தர் இருக்கிறதாலதான் நான் காடி வச்சிருக்கேன்னு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தப் பாராட்டுக்கு ஒவ்வொரு வளைவிலும் முகத்தை மரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். பாலிக் பூலாவ் இறக்கத்தில் ஒரு டுரியான் கடை ஓரம் அவள் நிறுத்தினாள். இறங்கியவள் கடைப் பக்கம் போகவில்லை. "இருங்க, உள்ள என்ன மாத்தியிருக்கான்னு பாக்குறேன்" என்று முன்மூடியில் கை வைத்தாள்.

"தொறக்காத நட்டாலி."

"ஏன்?"

"தொறந்தா உனக்கே தெரிஞ்சிடும். நான் சொல்லித் தெரியணும்."

சொன்னார். எட்டு நிமிஷ வீடியோ, தடவிய விரல், இரண்டு வளையம், கெப்பாலா பத்தாஸ். நடுவில் ஒரு ஜோக் எட்டிப் பார்த்தது, அதை விழுங்கினார். கடைக்காரர் பழத்தைத் தட்டிக் காட்டி ஏதோ கேட்டார். நட்டாலி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் கட்டின எஞ்சின் எங்க?"

"சாதிக் ஒர்க்‌ஷாப்புல. கித்தான் போட்டு மூடியிருக்கு."

"மீட்டர்ல முள்ளு எறங்கியிருக்குமே. பாக்கலையா?"

எட்டு வாரமாகப் பழகிப்போன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "பாத்தேன்" என்றார்.

"பாத்துமா நிறுத்தல?"

"பசார் முனையில நம்ம கோயில் கொயர் ஆளுங்க நின்னாங்க. அவங்க முன்னால நிறுத்த வெக்கமா இருந்துச்சு. கையாட்டிட்டுப் போயிட்டேன். அவங்கல்லாம் இது என் காடின்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் இல்லன்னு சொன்னதே இல்ல."

நட்டாலி முன்மூடியிலிருந்து கையை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. துடைக்கவில்லை. "அப்பவே நிறுத்தியிருந்தா எண்ணெய் ஊத்தினா போதும்" என்றாள் கடைசியில். "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"தெரியும்."

"ரெஜிஸ்ட்ரேஷன்ல எஞ்சின் நம்பரை மாத்தணும்னா என் கையெழுத்து வேணும். அதுக்காகத்தான் இப்ப சொல்றீங்களா?"

வின்சென்ட் யோசித்தார். "பாதி அதுக்காக" என்றார்.

மலைப் பக்கமிருந்து ஒரு பஸ் இறங்கி, கடையைத் தாண்டிப் போனது. என் தப்பா என்று இனிக் கேட்க வேண்டியதில்லை. வேறொன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கும்போது அவர் குரல், ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்கிற பையன் குரல் மாதிரி சிறுத்துவிட்டது.

"நீ திரும்பிப் போறப்போ, காடியை மறுபடி என்கிட்ட விடுவியா நட்டாலி?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"மாட்டேன் அத்தான். சாதிக்கிட்டயே விட்டுட்டுப் போறேன். இந்தக் கோவம் கிறிஸ்மஸுக்குள்ள போயிடும். வந்தா உங்க வீட்லதான் சாப்பிடுவேன், உங்க ஜோக்குக்கும் சிரிப்பேன். சாவி மட்டும் தரமாட்டேன்."