மாமி மினுக்கிய கேத்தல்

"யா அல்லாஹ்!" என்று காலிதீன் கத்தியதில், பக்கத்து வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த நஸீறா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

குசினி மேசையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் இருந்தது. காலையில் அவன் வேலைக்குப் போகும்போது அடி முதல் மூக்கு வரை கரி பிடித்துக் கிடந்த கேத்தல். இப்போது கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் பளபளத்தது.

"நஸ்லின், ஆர் இத மினுக்கின?"

அவன் மனைவி கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் அவளுடைய தாய் சல்மா உம்மா நின்றார். கையில் இன்னும் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும்.

காலிதீன் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இரண்டு வருடம். மாமி அவனோடு நேரே கதைத்ததே இல்லை. அது மரியாதை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். அவனும் மகளிடமே பதில் சொல்வான்.

"மருமகனுக்குச் சொல்லு மகள். ஊரெல்லாம் பாக்கப் போற கேத்தல். கரியோட போனா எங்கட குசினியப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அரிசி ஆலையில் வேலை பார்க்கும் காலிதீனுக்கு ஓய்வு நேரமெல்லாம் வீட்டுச் சாமான்களை மேசையில் அடுக்கி வைத்து வரைவதில்தான் போகும். இரண்டு முறை கண்காட்சிக்கு அனுப்பினான். இரண்டு முறையும் படம் திரும்பி வந்தது. இந்த முறை கல்முனைக் கண்காட்சியில் ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாளை அஸர் தொழுகைக்கு முன் படம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. கோப்பைகள், எலுமிச்சம்பழம், வெங்காயம் எல்லாம் வரைந்தாயிற்று. கேத்தல் மட்டும் பாக்கி. அந்த வெளிச்சமான சாமான்களுக்கு நடுவே கறுப்பாக ஒன்று உட்காராவிட்டால் படமே நிற்காது.

"போன்ல படம் எடுக்கல்லியா?" என்றாள் நஸ்லின்.

எடுத்திருந்தான். அதில் கேத்தல் கருகிப்போன பூசணிக்காய் மாதிரித் தெரிந்தது.

"அப்ப நினைச்சு வரையுங்களன்."

"நினைச்சு வரைஞ்சதுகள்தான் கட்டிலுக்குக் கீழ கிடக்கு."

வேலிக்கு மேலால் நஸீறா சிரித்தாள். "கரிதானே வேணும்? முத்தத்தில மூணு கல்ல வெச்சு எரியுங்க. கரி உங்களுக்கு, தேத்தண்ணி எங்களுக்கு!"

அப்படியே ஆயிற்று. முற்றத்தில் நெருப்பு மூட்டினார்கள். வெறும் கேத்தலை எரித்தால் ஓட்டையாகிவிடும் என்று தண்ணீர் ஊற்றினார்கள். கொதித்த தண்ணீரைக் கொட்ட சல்மா உம்மாவுக்கு மனம் வரவில்லை, தேயிலையைப் போட்டார். முதல் கேத்தல் தேத்தண்ணீர் வேலிக்கு அப்பால் போனது. இரண்டாவது முடியும் முன் ஒழுங்கைச் சனமே முற்றத்துக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து தின்ன இனிப்பாகத் தொதலும் வந்தது.

"என்ன காலிதீன், கேத்தலுக்குக் கலியாணமா?" என்றார் ஒருவர்.

"ஓம். மாமி குளிப்பாட்டித் தந்திரிக்கா" என்றான் அவன், புகையில் கண் கலங்க.

கடல் காற்று விடாமல் அடித்தது. சுவாலை ஒரே பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்தை மட்டும் நக்கியது. நாலாவது கேத்தல் இறங்கும்போது ஒரு பக்கம் பழையபடி கறுத்திருந்தது. மற்றப் பக்கத்தில் கரி அண்டவே இல்லை. தன் உழைப்பைத் தானே கெடுக்கிற கவலையோடு, சல்மா உம்மா துணியைப் பிடித்துக் கேத்தலைத் திருப்பப் போனார்.

"திருப்பாதீங்க மாமி!"

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் மருமகன்? இங்கால கரியே பிடிக்கல்லியே!"

சொன்ன பிறகுதான், மருமகனோடு நேரே கதைத்துவிட்டது மாமிக்கு விளங்கியது. முக்காட்டை இழுத்துவிட்டார்.

நஸ்லின் கையைத் தட்டினாள். "அல்ஹம்துலில்லாஹ்! இனி எனக்கு லீவு!"

காலிதீனுக்குச் சிரிப்பு எதுவும் காதில் விழவில்லை. குந்தியிருந்து கேத்தலையே பார்த்தான். மினுங்கிய பக்கத்தில் நெருப்பு, வானம், தேத்தண்ணீர்க் கோப்பைகளின் சிவப்பு எல்லாம் வளைந்து வளைந்து ஓடின. கறுத்த பக்கம் அவை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியது. இப்படி ஒன்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"மாமி, இது இப்படியே இருக்கட்டும். ஒருத்தரும் தொடாதீங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு விடியலிலிருந்து வரைந்தான். ஈரம் காய்ந்தும் காயாமலும், முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுபோய், அஸர் பாங்கு சொல்லும் முன் படத்தைக் கொடுத்தான். அங்கிருந்தவர் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, மறுபடி கிட்டப் பிடித்துப் பார்த்தார். "வாசலுக்கு நேரே மாட்டுவம்" என்றார்.

கண்காட்சிக்கு சல்மா உம்மாவும் வந்தார். வந்தவர் மற்றப் படங்கள் பக்கம் போகவேயில்லை. மருமகனின் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"இதென்ன, கேத்தல அரைவாசிதான் மினுக்கிக் கிடக்கு?" என்றாள் படம் பார்க்க வந்த ஒருத்தி.

"அந்தப் பக்கம் மருமகன்ட. இந்தப் பக்கம் என்ட" என்றார் சல்மா உம்மா. "எது வடிவு? சொல்லுங்க பாப்பம்."

காலிதீன் மெல்ல நழுவப் பார்த்தான்.

"நில்லுங்க மருமகன்," என்றார் மாமி, "இவ இன்னும் பதில் சொல்லல்ல."