பெடல் இறங்கிய இரண்டு விரற்கடை

1

வாசகரே, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பொய்யிலிருந்து. அதைச் சொன்னது யார் என்று எழுதும் இடத்தில்தான் மூன்று மாதமாகப் பேனா முரண்டு பிடிக்கிறது.

முதல் தொடக்கம்: "அண்ணன் வாங்கிய பழைய காரின் தரை வழியாகச் சாலை தெரிந்தது."

உண்மைதான். துரு தின்ற தரையை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மல்லாந்து கிடந்து புதுத் தகடு பற்றவைத்தான். "இனிமே ரோட்டுல காலை ஊனித் தள்ள வேண்டாம்டா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் தொடங்கினால் உங்களுக்கு அவனைப் பிடித்துப்போகும். அப்புறம் நான் எங்கே போய் ஒளிவது? அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

இரண்டாம் தொடக்கம்: "முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிய மெக்கானிக் ஒரு அவசரக்காரன். அன்றைக்கும் அவன்..."

(அப்படி ஒரு மெக்கானிக்கே கிடையாது. பழி சுமக்க ஆள் வேண்டுமென்று பிடித்து வந்தேன். மூன்று பக்கம் எழுதி, குடிப்பழக்கம்கூடக் கொடுத்தேன், பாவம். என் முதல் வாசகர் இப்படிப்பட்ட போலி ஆட்களை முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார்.)

பிரேக்கையும் அண்ணன்தான் மாற்றினான். உதவிக்கு நான்.

3

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அண்ணன் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். நான் ஓட்டுநர் இருக்கையில்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"பிடி... ம், விடு."

இரண்டு மணி நேரம் இதே பாட்டு. அவன் கிடந்த இடத்திலிருந்து பெடல் தெரியாது. நான் சொல்வதுதான் கணக்கு. கடைசியில் எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு, "ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. இறங்குதா பாரு" என்றான்.

இறங்கியது. மெதுவாக, இரண்டு விரற்கடை.

"எப்படிடா இருக்கு?"

"கல்லு மாதிரி நிக்குது."

இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று முதலிலிருந்து ஆரம்பிப்பான். எனக்கோ அப்போதுதான் ஒரு கதைக்கு முதல் வரி கிடைத்திருந்தது. மறப்பதற்குள் வீட்டுக்கு ஓட வேண்டும். [அந்த வரியை இங்கே போடலாமென்று நினைத்தேன். சுமாரான வரி. அந்தக் கதையும் உருப்படவில்லை.]

4

மூன்றாம் நாள், ஒரு இறக்கத்தில், எதிரே லாரி. அண்ணன் அங்கேயே முடிந்துபோனான். பக்கத்தில் இருந்த அண்ணி ஒரு காலோடு பிழைத்தார்.

நசுங்கிய காரில் அவன் வைத்த தரை மட்டும் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை.

"நாலு தடவ மிதிச்சாரு. நிக்கவே இல்ல" என்பார் அண்ணி. "ஒர்க்‌ஷாப்ல விடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எல்லாம் தனக்கே தெரியும்னு திமிரு. அந்த மனுஷன் முகத்துலயே முழிக்கப் பிடிக்கல."

அண்ணனின் படம் அலமாரிக்குள் குப்புறக் கிடக்கிறது.

"ஆமா அண்ணி" என்றேன். அது இரண்டாவது பொய். போகும்போதெல்லாம் சொல்கிறேன்.

5

முடிவு அ: தம்பி ஒப்புக்கொள்கிறான். அண்ணி அழுது, மன்னிக்கிறார். (எனக்கு இனிக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

முடிவு ஆ: தம்பி வாயைத் திறக்காமலே கிழவனாகி...

வாசகரே வாசகரே என்று ஊரையே கூப்பிடுவதுபோல் நடித்தது போதும். பதினைந்து வருடமாக நான் எழுதுவதை அச்சுக்கு முன்னால் படித்து, தப்பைச் சிவப்பு மையில் சுழிப்பவர் ஒரே ஒருவர்.

அண்ணி, பெடல் இறங்கியது. நான் சொல்லவில்லை. அண்ணன் என்னை நம்பித்தான் வண்டியை எடுத்தான். அவன் படத்தை வெளியே எடுத்து மாட்டுங்கள்.

என்னை என்ன செய்வதென்று எழுத, கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன்.