சங்கம் அடைத்த வழி

கிழக்கு வெளுப்பதற்குள் மொரப்பூர் கல்குவாரியில் சம்மட்டிகள் விழத் தொடங்கிவிட்டன. ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்கும் வேலை. சில்லு கண்ணில் தெறிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே அடிக்க வேண்டும். மூச்சை இழுத்தால் வாயெல்லாம் கல்தூசு.

யுத்தம் முடிந்த கையோடு கூலியும் குறைந்தது. சித்தேரி மலையாட்கள் பாதிக் கூலிக்கு இறங்கி வருகிறார்களே என்று கையை விரித்தார் காண்ட்ராக்டர் குப்புராஜ். சங்கம் கூடியது. மலையாட்களை வேலைக்கு எடுக்கக் கூடாதென்று தீர்மானம். முதலில் கை தூக்கியவன் மாரியப்பன். அதைக் காண்ட்ராக்டரிடம் கொண்டுபோய்ச் சொன்னவனும் அவனே. அவர் உடனே தலையாட்டினார். முதலாளி அத்தனை சுளுவாகத் தலையாட்டினால் சந்தேகம் வர வேண்டாமா? இவன் மார்தட்டிக்கொண்டு திரும்பினான்.

இன்று காலை மேஸ்திரி மலையாட்களின் சம்மட்டிகளைப் பிடுங்கினான். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் காண்ட்ராக்டரிடம் வந்தாள்.

"நாங்க என்னாங்க தப்பு பண்ணோம்?"

"என்னக் கேக்காத. தோ நிக்கறாரு பாரு சங்கத்துக்காரரு, அவருதான் உங்கள வேணாம்னாரு."

அவள் மாரியப்பனைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. 

மலையாட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"எங்க கூலியப் பழையபடி ஏத்தணுமில்லீங்க?" என்றான் மாரியப்பன்.

"எந்தக் கூலி? அனுப்பச் சொன்னீங்க, அனுப்பியாச்சு. திங்கக்கெழம ஜோலார்பேட்டப் பக்கமிருந்து ரயில்ல ஆளு வருது, அதே பாதிக் கூலிக்கு. அதையும் வேணாம்பீங்களா?"

யாரை வரவிடுவது, யாரை விரட்டுவது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. பழி மட்டும் சங்கத்துக்கு. மாரியப்பன் சம்மட்டியைப் போட்டுவிட்டு அரூர் ரோட்டில் ஓடினான்.

"திரும்பி வாங்க. சங்கத்துல சேந்துக்கங்க. எல்லாருக்கும் ஒரே கூலி கேப்போம்."

முன்னால் போன நரைத்த தலைக்காரர் நின்றார். "மலையாளு சங்கத்துல சேரமாட்டான்னு பேசிக்கிட்டீங்களாம். எங்கள யாரு வந்து கேட்டாங்க?"

"யாரும் கேக்கலீங்க. தப்பு எங்களுது."

"நாளைக்கு மறுபடியும் போகச் சொல்லமாட்டீங்களே?" என்றாள் அந்தப் பெண்.

அவன் திரும்பிப் பார்த்தான். குவாரியில் சத்தம் நின்றிருந்தது. அவனோடு கல் உடைக்கும் காவேரி முன்னால் வர, மற்றவர்களும் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள்.

பெரியவர் மூட்டையை இறக்கினார். இத்தனை மாதம் பக்கத்துக் குழியில் கல் உடைத்தவர். மாரியப்பன் தலைகுனிந்தபடி கேட்டான்.

"உங்க பேரு என்னாங்க?"

"தீர்த்தன்." பிறகு அவரே கேட்டார்: "ரயில்ல வர்றவங்ககிட்டயும் யாராச்சும் போயிக் கேக்கணுமில்ல?"

"ஆமாங்க."

"அப்ப, ரெண்டு பேருமாப் போலாம்."